‘வேறை உலகங்கள்’ அலுமாரி

என் கணவர் பேச்சை இழந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அப்போது அவருக்கு முன்னால் இரண்டு பேர் நின்றோம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அதில் ஒருத்தி நான்.

அதைச் சொல்லுவதற்கு முதல் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பாயில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் புத்தகக் கடை இருக்கிறது. ஒரேயொரு அறை. முன்பக்கம் முழுக்க என்னுடையது. கொப்பிகள், பேனைகள், புலமைப்பரிசில் பரீட்சை வழிகாட்டிகள், ஓ.எல், ஏ.எல் கடந்தகால வினாத்தாள்கள், ஒரு போட்டோக் கொப்பி மெசின். எங்களுக்குச் சோறு போடுவது இவைதான். பின்சுவரோடு நிற்கும் பெரிய அலுமாரி அவருடையது. அதில் விஞ்ஞானக் கதைகளும் மாயக் கதைகளும் மட்டும்தான் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து பார்சலில் நாலைந்து பிரதிகளாக வருபவை, மொழிபெயர்ப்புகள், கொழும்பில் பழைய புத்தகக் கடைகளுக்குள் நுழைந்து அவர் பொறுக்கிக்கொண்டு வரும் ஆங்கில நாவல்கள். அலுமாரியின் தலையில் ‘வேறை உலகங்கள்’ என்று ஒரு மட்டையில் தானே எழுதி ஒட்டியிருந்தார். ‘வேறு உலகங்கள்’ என்றல்லவா எழுத வேண்டும் என்று ஒரு தமிழ் வாத்தியார் திருத்தப் பார்த்தார்.

“அங்கை இருக்கிறவையும் எங்களைப் போலைதான் கதைக்கினம் மாஸ்ரர்” என்றார் இவர். மட்டை அப்படியே இருந்தது.

வாங்க வருகிற ஆட்களிடம் என்ன மாதிரிக் கதை பிடிக்கும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. “கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியிலை விட்டனீங்கள்? ஏன் விட்டனீங்கள்?” என்றுதான் கேட்பார். பிடித்ததைக் கேட்டால் ஆட்கள் பெருமைக்காக எதையாவது சொல்லுவார்கள், விட்டதைக் கேட்டால்தான் உண்மை வரும் என்பார். அவர்கள் சொல்லச் சொல்லத் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, அலுமாரிக்குப் போய் ஒரே ஒரு புத்தகத்தோடு திரும்பி வருவார். இரண்டாவதை எடுத்து வந்து நான் கண்டதில்லை.

ஒருநாள் ஒரு தோட்டக்காரர் காணி உறுதிப் பத்திரத்தைக் கொப்பி எடுக்க வந்தார். வெங்காயமும் மிளகாயும் செய்கிற மனிதர். மெசின் சூடாகும்வரை சும்மா நிற்கட்டும் என்று விட இவருக்கு மனம் வரவில்லை. வழமையான கேள்வியைக் கேட்டார்.

“பாதியிலை விட்டது பள்ளிக்கூடத்தைத்தான் தம்பி. அதுக்குப் பிறகு என்ன புத்தகம்?”

இவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தார். ஊர் அளவு பெரிய விண்கப்பல் ஒன்று மண்ணையும் விதையையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அதற்குள்ளே பிறந்து அதற்குள்ளேயே சாகிற சனங்கள். மழை என்றால் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கிழமை கழித்துத் தோட்டக்காரர் சைக்கிளைக்கூட ஸ்ராண்டில் போடாமல் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“உந்தக் கதையிலை ஒரு பிழை இருக்கு. இவ்வளவு பயிருக்கும் தண்ணி விடுகினம், அந்தத் தண்ணி எங்கை வடியிறது? ஒரு வரி எழுதேல்லை. வேர் அழுகாதோ?”

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தார். ஒவ்வொரு கிரகத்திலும் ஒரு நீர்ப்பாசனப் பிழை பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் வாசல் மதகுக் கட்டில் குந்தியிருந்து வாதாடுவார்கள்.

நான் அந்தப் புத்தகங்களை வாசித்ததில்லை. கல்யாணமான முதல் வருடம் ஒன்றைத் தந்து வாசிக்கச் சொன்னார். இரண்டு கிழமை தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்துவிட்டு, “வாசிச்சிட்டன், நல்ல கதை” என்றேன்.

“நடுவிலை பதினாறு பக்கம் அச்சடிக்காமல் வெள்ளையாக் கிடக்குதே, அது உமக்குப் பரவாயில்லையோ?” என்று கேட்டார்.

எனக்கு முகம் சிவந்துபோனது. அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கோபிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கவுமில்லை. அப்போது அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கதைகளைச் சொல்லும்போது அவர் நடித்துக் காட்டுவார். நெருப்புக் கக்குகிற பறவைநாகம் வந்தால் கையை விரிப்பார். வேற்றுக்கிரக ஆள் வந்தால், விளங்காத ஒரு பாஷையை வாய்க்கு வந்தபடி இழுத்து இழுத்துக் கதைப்பார். கொப்பி வாங்க வந்த சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்கவென்றே கொஞ்சம் சுணங்கி நிற்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை வந்திருந்தாள். அடிக்கடி வருகிறவள். படிப்பு லீவு தொடங்குகிறது, நீளமான ஒன்று வேண்டும் என்றாள். இவர் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, அவளுக்கு முன்னால் நின்று தொடங்கினார். நான் வினாத்தாள்களை அடுக்கி ஸ்ரேப்ளர் அடித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு கப்பல். நானூறு வருசமாப் போய்க்கொண்டிருக்கு. எல்லாரும் நித்திரை. ஒருத்தி மட்டும் முழிச்சிருக்கிறாள். ஒருநாள் அவள் கதவை… கதவு… கத…”

பிறகு வந்தது தமிழ் இல்லை. எந்தப் பாஷையும் இல்லை. ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருந்தது. கேள்வி கேட்பதுபோல ஒரு இடத்தில் குரல் உயர்ந்தது. சொற்கள்தான் இல்லை. அந்தப் பிள்ளை சிரித்தாள்.

“அண்ணை, இது எந்தக் கிரகத்துப் பாஷை?”

நானும் சிரித்தேன். அவர் திரும்பவும் முயன்றார். இன்னும் வேகமாக. நாங்கள் இன்னும் சிரித்தோம். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வலது கையிலிருந்து புத்தகம் விழுந்தது.

“உங்கடை நடிப்பிலை புத்தகத்தையும் உடைக்கப் போறியள்” என்றேன். அடுத்த தாளை எடுத்து ஸ்ரேப்ளர் அடித்தேன். அது எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க நான் இன்னுமொரு கட்டு அடித்து முடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோதுதான் வாயின் ஒரு பக்கம் கீழே இழுபட்டிருந்ததைக் கண்டேன்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தப் பிள்ளையும் வந்தாள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். நான் ஒரு நேரம் சொன்னேன். நான் சொன்னது நாங்கள் சிரிப்பை நிறுத்திய நேரம். அதற்கு முந்திய நிமிடங்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அதே டொக்டரிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். அந்த நாலைந்து நிமிடத்தால் ஒன்றும் மாறியிருக்காது அம்மா என்றார். நல்ல மனிதர். நான் அதை நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

மூளையின் இடது பக்கத்தில் இரத்தம் கட்டிவிட்டது. காலும் கையும் மெல்ல மெல்ல வந்தன. பேச்சு வரவில்லை. ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சியது. ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லுகிற ‘ஓம்.’ சாப்பாடு வேண்டும் என்றாலும் ஓம், வேண்டாம் என்றாலும் தலையை ஆட்டிக்கொண்டு ஓம். கோபத்திலும் ஓம்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பூனைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நெற்றியில் வியர்த்தது. “ஓம்” என்றார். ஒரு பறவைநாகத்துக்கு மூன்று பெயர் சொல்லக்கூடிய மனிதர்.

நாலாவது மாதம் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். நேரே அலுமாரிக்குப் போனார். இடது கையால் புத்தகங்களின் முதுகுகளைத் தடவிக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் நடந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வடகரையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு அக்கா இருந்தா. அவவின் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், அவ மட்டும் மாயக் கதைகளுக்குள்ளே இருக்கிறவ. “அண்ணை, எனக்கு ஒண்டு எடுத்துத் தாங்கோவன்” என்றா. இவர் யோசித்தார். கை ஒரு தட்டில் நின்றது. ஒன்றை இழுத்தெடுத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

செய்தி பரவியது. அண்ணை கடைக்கு வந்திட்டார், புத்தகம் எடுத்துத் தாறார் என்று ஆட்கள் தேடி வந்தார்கள். நான் எல்லோருக்கும் சொன்னேன்: “அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கதைக்கத்தான் ஏலாது.” கனடாவில் இருக்கிற அவருடைய அக்காவுக்கும் தொலைபேசியில் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது.

தோட்டக்காரரும் வந்தார், புத்தகம் வாங்கினார், போனார். திரும்பவும் வந்தார். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டு வெளியே போனவர், கண்ணால் என்னைக் கூப்பிட்டார். மதகடியில் நின்று அட்டையைக் காட்டினார். நீல அட்டை.

“பிள்ளை, மனசிலை வைச்சிரு, அவருக்குச் சொல்லிப்போடாதை. மூண்டு தரமும் இதே புத்தகத்தின்ரை பிரதியைத்தான் தந்தவர்.”

எனக்கு விளங்கவில்லை. “மறந்து தந்திருப்பார் அண்ணை.”

“முதல்தரம் நானும் அப்பிடித்தான் நினைச்சன். இண்டைக்கு நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவர் புத்தகத்தின்ரை பேரைப் பாக்கேல்லை. நிறத்தைத்தான் பாக்கிறார்.” சைக்கிள் மணியைத் தடவினார். “நான் இன்னும் பத்துத்தரம் எண்டாலும் வாங்குவன். அதுக்காகச் சொல்லேல்லை. நீ ஊரெல்லாம் நம்பிக்கை குடுக்கிறாய், அதுதான்.”

தோட்டக்காரர் போனபின் நான் செய்த காரியத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இவர் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரம், அலுமாரியின் நடுத்தட்டில் இருந்த ஒரு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். எழும்பி வந்ததும், “இஞ்சருங்கோ, உதை ஒருக்கா எடுத்துத் தாங்கோ” என்று கேட்டேன். அவர் எடுத்தார். தலைகீழாகவே பிடித்துத் திறந்தார். ஒரு பக்கத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார், வாசிக்கிற ஆள் மாதிரி.

என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். அட்டையில் ஒரு குதிரை இருந்தது. அதன் கால்கள் மேலே இருந்தன. அதைக் கண்டார்.

எழுத்துப் போய்விட்டது என்பது அவருக்கு முதலே தெரியும். எனக்குத் தெரியாமல் இருக்கத்தான் அவ்வளவு நாளும் பாடுபட்டிருக்கிறார். அது அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. எனக்கும் வருகிறவர்களுக்கும் முன்னால் புத்தகக்காரனாகவே நிற்கவேண்டும் என்று, நிறத்தை வைத்து, அட்டைப் படத்தை வைத்து, ஒவ்வொரு நாளும். நான் அதையும் பிடுங்கிவிட்டேன்.

புத்தகத்தை மெதுவாக மேசையில் வைத்தார். கதிரையில் போய் இருந்தார். அடுத்த நாள் காலை நான் சேர்ட்டை எடுத்து நீட்டியபோது வாங்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவேயில்லை.

அந்த வருடம் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பூசை முடிந்து ஓதுவார் தேவாரம் பாடத் தொடங்கினார். எனக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் சேர்ந்து பாடியது. ஏழு மாதமாக நான் கேட்காத குரல். சொல்லுக்குச் சொல் பிசகாமல், முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அவர் பாடினார். நான் திரும்பிப் பார்க்கப் பயந்தேன், பார்த்தால் நின்றுவிடுமோ என்று. முடிந்ததும் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

“கதையுங்கோ. ஏதாவது கதையுங்கோ. என்ரை பேரைச் சொல்லுங்கோ.”

வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு எழும்பியது. சுற்றி நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஓம்” என்றார். அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் கண் நிறைந்தது.

மூளையில் பாட்டு இருக்கிற இடம் வேறு, பேச்சு இருக்கிற இடம் வேறு, பாட்டு தப்பிவிட்டது என்று பயிற்சிப் பெண் பிறகு விளங்கப்படுத்தினாள். பாடவைத்துப் பேச்சைக் கொண்டுவரலாம் என்று முயன்றும் பார்த்தாள். எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

நான் கடையில் தனியே இருந்தேன். வினாத்தாள் விற்றது. அலுமாரியில் தூசி ஏறியது. ஆட்கள் வந்து அலுமாரிக்கு முன்னால் நின்று, என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். “எது அக்கா நல்லது?” எனக்குத் தெரியாது. “உது நல்லம்” என்று எதையாவது காட்டுவேன். ஒருவர், “ஏன் நல்லம்?” என்று கேட்டார். நான் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு ஒரு பேனை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் முதல் தட்டின் முதல் புத்தகத்தை எடுத்தேன்.

கஷ்டப்பட்டுத்தான் வாசித்தேன். பெயர்கள் வாயில் நுழையவில்லை. எந்தச் சூரியன், எந்தச் சந்திரன் என்று குழம்பினேன். நாலாவது புத்தகத்தில் கடலுக்கு அடியில் ஒரு ஊர் கட்டுகிற சனங்களைப் பற்றி வந்தது. அவர்கள் ஒரு கிணறு தோண்டுகிறார்கள், கடலுக்கு அடியில் கிணறு. அந்த இடத்தில் நான் என்னை அறியாமல், “இஞ்சருங்கோ” என்று கூப்பிட்டுக்கொண்டு திரும்பினேன். பின்னால் போட்டோக் கொப்பி மெசின்தான் நின்றது.

வீட்டில் அவருக்கு வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். ஒரு பின்னேரம் விறாந்தையில் பக்கத்தில் இருந்து தொடங்கினேன். இரண்டு பக்கம் போயிருக்கும். பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். புத்தகத்தை மூடினார். எழும்பி வீட்டு வளவுக்குள் போய் நின்றார். அவருக்குக் கதை விளங்காமல் போனதாலா, அல்லது விளங்கியதாலா என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது?

ஒரு வருடம் கழித்து அந்தக் கம்பஸ் பிள்ளை வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

“நான் சிரிச்சனான் அன்ரி. அதுதான் வரப் பயந்தனான்.”

“நானும்தான் பிள்ளை சிரிச்சனான். உள்ளை வா.”

இரண்டு பேரும் அலுமாரிக்குக் கீழே நிலத்தில் இருந்து அழுதோம். வினாத்தாள் வாங்க வந்த ஒரு தாய் எங்களைக் கண்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை கேட்டாள், அன்றைக்கு அண்ணை சொன்ன கதை எது, அந்தப் பெண் கதவைத் திறந்தாளா, இல்லையா என்று. கீழே விழுந்த புத்தகத்தை அன்றைய அவசரத்தில் யாரோ எடுத்து அலுமாரிக்குள் செருகியிருந்தார்கள். கப்பல் படம் போட்ட புத்தகங்கள் ஒன்பது இருந்தன. இரண்டு பேரும் பங்கு பிரித்து வாசித்தோம். இரண்டு மாதத்தில் அவள்தான் கண்டுபிடித்தாள். அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள், உள்ளே ஒருவரும் இல்லை, நூறு வருடத்துக்கு முதலே எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பிறகு படிப்பை முடித்து வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டாள்.

அவர் இப்போது காலையில் நீர்வேலிக்குப் போகிறார். அவருடைய அண்ணையின் வாழைத்தோட்டம் அங்கே இருக்கிறது. காய்ந்த இலை வெட்டுவார், குலைக்கு முட்டுக் கொடுப்பார். அங்கே யாரும் அவரோடு கதைக்க எதிர்பார்ப்பதில்லை. அண்ணையும் அதிகம் கதைக்காத ஆள். என் கணவருடைய முகத்தில் சொல் தேடுகிற அந்த இறுக்கம் இல்லாமல் இருப்பது அங்கே மட்டும்தான்.

போன மாதம் வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண் கடைக்கு வந்தா. கடைசியாக எதைப் பாதியில் விட்டீர்கள் என்று கேட்டேன். சண்டைக்கதை ஒன்று, எல்லோரும் செத்துக்கொண்டே இருந்தார்கள், தாங்க முடியவில்லை என்றா. கடலுக்கு அடியில் ஊர் கட்டுகிற புத்தகத்தைக் கொடுத்தேன். ஏன் நல்லது என்றும் சொன்னேன். என்னையறியாமல் கையை விரித்துச் சொன்னேன். எட்டு நாளில் அவ திரும்பி வந்தா, முகமெல்லாம் பூரிப்பு. “அந்தக் கிணறு அக்கா! அந்தக் கிணறு!” என்றா.

கடையைப் பூட்டிவிட்டு நேரே நீர்வேலிக்குப் பஸ் ஏறினேன். அவர் வாழைகளுக்கு நடுவில் நின்றார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண், அந்தக் கேள்வி, ஊர், கிணறு, கிணற்றில் ஊறிய தண்ணீரை முதலில் குடித்தது யார் என்பதுவரை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளங்கியது, வீட்டில் இப்படிக் கதைக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அந்த மனிதர் இருபத்தாறு வருடம் இருந்திருக்கிறார். அந்தக் கதைகளுக்குள் நான் வர இவ்வளவு காலம் எடுத்துவிட்டது. அதற்குள் அவர் அவற்றை விட்டுப் போய்விட்டார்.

முடியும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கோபமாக இல்லை. வாழைகளுக்கு நடுவால் கூட்டிக்கொண்டு போய், தோட்டத்து வாசல் படலையைத் திறந்து, பஸ் வருகிற இடத்தில் நிறுத்தினார். பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றார். இனி இந்தக் கதைகளோடு இங்கே வராதே என்பதுதான் அது. எனக்கு விளங்கியது. நான் ஏறியதும் திரும்பித் தோட்டத்துக்குள் போனார்.

கோப்பாய்க்குப் பத்து நிமிடம்கூட இல்லை. அதற்குள் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா தன் மடியில் இருந்த மரக்கறிப் பையை ஒதுக்கிவிட்டு, என் முதுகைத் தடவினா.

“ஆர் பிள்ளை செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை அம்மா” என்றேன்.